வான் பாயும் பாறை

தை பிறந்து நாலாம் நாள் காலை நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து மாமா தொலைபேசியில் அழைத்தார். "குளம் வான் பாயுது. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, இந்த முறை நல்லாப் பாயுது" என்றார். இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் இப்படியோர் அழைப்பு வந்தால் வேறு வேலை எதுவும் நிற்காது. இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு, பத்து வயது மகளையும் ஏழு வயது மகனையும் தம்பியின் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வவுனியாவிலிருந்து புறப்பட்டோம்.

வன்னிக்கு வெளியே இதை வாசிப்பவர்களுக்காக ஒரு சொல். குளம் நிரம்பியதும் மிகுதி நீர் கட்டை உடைக்காமல் வழிந்தோடவென்று விடப்பட்ட இடத்தை நாங்கள் வான் என்போம். தமிழ்நாட்டில் இதைக் கலிங்கு என்பார்கள். நீர் வழிவதை மறுகால் பாய்கிறது என்பார்கள். மாரி நன்றாகப் பெய்த ஆண்டில் குளம் வான் பாய்வது எங்கள் பக்கத்தில் ஒரு திருவிழாவுக்குக் குறைந்ததல்ல. வயல் தப்பிவிட்டது, சிறுபோகத்துக்கும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும் என்று ஊர் மூச்சுவிடும் நாள் அது.

மகளுக்கு அன்று வேறொரு காரணமும் இருந்தது. போன தவணையில் பள்ளிக்கூடத்திலிருந்து மலைநாட்டுக்குச் சுற்றுலா போய்வந்தவள். வந்த நாளிலிருந்து ஒரே கேள்வி: "அங்க ஒவ்வொரு வளைவிலயும் நீர்வீழ்ச்சி இருக்கு. எங்கட பக்கம் ஏனப்பா ஒண்டுகூட இல்ல?" வன்னி சமதரை, அதனால்தான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை. "ஏன் சமதரை?" என்றாள். அது சரியான கேள்வி. அதற்கு மறுமொழி சொல்லப் புத்தகத்தை விட ஒரு பாறை நல்லது. மாமாவின் குளத்துக்கு அப்படியொரு பாறை இருக்கிறது.

குளத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கம்பி வேலியோ காவலோ இல்லாத, ஊர்ச்சனம் மட்டும் போய்வருகிற இடம். அங்கே கூட்டம் சேர்ந்தால் உயிர்ச்சேதம்தான் வரும். மாமா வீட்டிலிருந்து குளக்கட்டு வழியாகவும் பிறகு காட்டுப்பாதை வழியாகவும் மூன்று கிலோமீட்டர் நடை. புறப்படுமுன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மாமா இரண்டு விதிகள் சொன்னார். பாதையை விட்டு ஒரு அடியும் விலகக்கூடாது. இரும்பாலான எதையும், அது வெறும் தகரமாக இருந்தாலும், தொடக்கூடாது. யானைக்காக மட்டும் சொன்னதல்ல இது. 2009இல் போர் முடிந்தாலும் வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அதன்படி 2028க்குள் நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும். மிதிவெடியை எச்சரிக்கும் சிவப்புப் பலகை இல்லை என்பதற்காகக் காட்டுக்குள் இறங்கிவிட முடியாது. வன்னியில் பிள்ளைகளோடு நடக்கிற எவரும் ஊரவர் நாளாந்தம் நடக்கும் தடத்தில்தான் நடக்க வேண்டும். இதை நான் எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் போதாது.

பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு. மழை விட்டு மூன்று நாள் ஆகியும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. காலடியில் முதலில் செம்மண், பிறகு கிரவல், பிறகு பருமணல், கடைசியில் கல். தம்பியின் மகன்தான் முதலில் கவனித்தான்: "பெரியப்பா, மண் முடிஞ்சு போச்சு!"

காடு விலகி, மூன்று நாலு ஏக்கருக்கு வெறும் பாறை கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு. கிட்டப் போனால் சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்பு. ஒரு பக்கத்தில் ஓட்டுவீட்டின் உயரத்துக்கு எழும்பி நின்றது. வன்னியில் இப்படிச் சமதரையிலிருந்து திடீரென்று எழும் கற்கள் பல இடங்களில் உண்டு. ஒலுமடுவுக்கு அருகே வெடுக்குநாறி மலை, தண்ணிமுறிப்புப் பக்கம் குருந்தூர் மலை என்று ஊரறிந்தவையும் இருக்கின்றன. ஆனால் பெயரில்லாத கற்கள்தான் கூட. ஊரவர் அவற்றை வெறுமனே "கல்லு" என்பார்கள்.

பிள்ளைகளை மழைநீர் கழுவியிருந்த ஒரு சரிவில் உட்காரவைத்தேன். பாறையில் வெள்ளைப் பட்டையும் கறுப்புப் பட்டையும் மாறிமாறி ஓடின. சில இடங்களில் அவை நேராக இருந்தன. சில இடங்களில் பாயைச் சுருட்டியதுபோல மடிந்து வளைந்திருந்தன. மகள் விரலால் பட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குழல் புட்டு மாதிரி" என்றாள். மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி. அதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. புட்டில் அடுக்கை நாங்கள் போடுகிறோம். இந்தப் பாறையில் அடுக்கை யாரும் போடவில்லை, அழுத்தம் பிரித்தது. நிலத்துக்குள் மிக ஆழத்தில், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், பாறை முழுவதும் உருகிவிடாமலேயே அதன் கனிமங்கள் கரைந்தும் மீள வளர்ந்தும் இடம் மாறின. தட்டையான கறுப்பு மைக்காவும் ஹோர்ன்பிளெண்டும் அழுத்தத்துக்குக் குறுக்காக ஒரு திசையில் சேர்ந்தன. வெள்ளைக் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் இன்னொரு பட்டையாகச் சேர்ந்தன. இப்படி ஆன பாறைக்கு நைஸ் என்று பெயர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் உருமாறிய பாறை என்ற தலைப்பில் ஒரு வரியில் வந்துபோகும். வன்னியில் அது காலுக்குக் கீழே கிடக்கிறது.

உலகத்தின் புவியியல் நூல்களில் இந்தப் பாறைக்கூட்டத்தின் பெயரே வன்னித் தொகுதி என்பதுதான். இலங்கையின் அடிப்பாறையை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, வன்னித் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி என்று நாலாகப் பிரிக்கும் வழக்கம் 1991இல் குரோனர், கூரே, விதானகே ஆகிய மூவரின் ஆய்வோடு நிலைபெற்றது. அவர்களில் பி. ஜி. கூரே இலங்கையின் புவியியலுக்கு அடிப்படை நூல் எழுதியவர். வன்னித் தொகுதி இன்றைய வன்னி மாவட்டங்களோடு நிற்பதில்லை. தெற்கே நெடுந்தூரம் இறங்குகிறது. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ ஒரு புவியியல் மாணவர் இலங்கையைப் பற்றிப் படித்தால் எங்கள் ஊரின் பெயரை எழுதத்தான் வேண்டும். இதைச் சொன்னபோது மகனின் முகம் மலர்ந்தது. எனக்கும் முதன்முதலில் அறிந்தபோது அப்படித்தான் இருந்தது. போருக்கும் பஞ்சத்துக்கும் இடப்பெயர்வுக்குமே உச்சரிக்கப்பட்ட ஒரு பெயர், கல்லுக்காகவும் உச்சரிக்கப்படுகிறது.

வயதைக் கேட்டார்கள். அதை அளப்பதற்குப் பாறைக்குள்ளேயே ஒரு மணிக்கூடு இருக்கிறது. சிர்க்கன் என்ற சிறு கனிமம். பருமணலை விடச் சிறிய துகள். அது பிறக்கும்போது யுரேனியத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும், ஈயத்தை ஏறத்தாழ முழுவதும் வெளியே விட்டுவிடும். பிறகு உள்ளே இருக்கிற யுரேனியம் தன்பாட்டில் சிதைந்து ஈயமாக மாறும். யுரேனியம்-238இல் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டு வேண்டும். ஆகவே ஒரு சிர்க்கனுக்குள் மிஞ்சிய யுரேனியத்துக்கு எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அது பிறந்த காலம் தெரிந்துவிடும். அந்தக் கணக்கின்படி வன்னித் தொகுதியின் மூலப்பாறைகள் பெரும்பாலும் 110 கோடி ஆண்டுகளுக்கும் 75 கோடி ஆண்டுகளுக்கும் இடையில் உருகிய குழம்பிலிருந்து உறைந்தவை. பிறகு 60 கோடி ஆண்டுகளுக்கு முன், 55 கோடி வரை நீண்ட ஒரு காலத்தில், பட்டைகள் பிரியும்படி வெந்து நசுங்கின.

ஏன் நசுங்கின? மகளின் கேள்விக்கு மறுமொழி இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவாகிக்கொண்டிருந்தது. இன்றைய இந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா ஆகியவற்றின் நடுவே இலங்கை சிக்கியிருந்தது. கண்டங்கள் மோதுகிற இடத்தில் மலை எழும்பும். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி இமயம் எழும்பியதுபோல. நாங்கள் உட்கார்ந்திருந்த பட்டைகள் 20 கிலோமீட்டர் அளவான ஆழத்தில்தான் உருவாக முடியும். அவ்வளவு பாரம் மேலே இருந்தால்தான் அந்தக் கனிமங்கள் அப்படிச் சேரும்.

"அப்ப அந்த 20 கிலோமீட்டரும் எங்க போச்சு?" என்றாள் மகள்.

மழை கொண்டுபோய்விட்டது. ஒரு கணக்குச் செய்து பார்த்தோம். மலைநாட்டில், காடு வெட்டப்படாத சரிவுகளில், இயற்கையான அரிப்பு ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்ற அளவிலேயே இருக்கிறது என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அதே வேகத்தில் 55 கோடி ஆண்டு அரித்தால் ஐந்தரைக் கிலோமீட்டர்தான் போகும், 20 போகாது. ஆகவே தொடக்கத்தில் அரிப்பு இதைவிடப் பல மடங்கு வேகமாக நடந்திருக்க வேண்டும். செங்குத்தான உயர்ந்த மலைகள் வேகமாகத் தேயும். தேயத் தேயச் சரிவு குறையும். சரிவு குறைய வேகமும் குறையும். இன்னொன்றும் நடக்கிறது. மணல் ஏற்றிய வள்ளத்திலிருந்து மணலை அள்ள அள்ள வள்ளம் நீரில் உயருமே, அதுபோல மேலே உள்ள பாரம் குறையக் குறைய மலையின் அடிப்பகுதி மெல்ல மெல்ல மேலே வரும். அப்படித்தான் ஆழத்தில் வெந்த கல் வெயில் காண வந்தது.

வன்னி தட்டையாகப் பிறந்ததல்ல. தேய்ந்து தட்டையானது. நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு மலையின் வேரில்.

மலைநாடு மட்டும் ஏன் இன்னும் நிற்கிறது என்பது நூறாண்டுப் பழைய வாதம். கனடாவைச் சேர்ந்த புவியியலாளர் பிராங்க் டோசன் அடம்ஸ் 1929இல், இலங்கையின் நிலம் மூன்று படிகளாக இருக்கிறது என்று எழுதினார்: கரையோரத் தாழ்நிலம், நடுப்படி, மேற்படி. இலங்கையில் அரசாங்கக் கனிமவியலாளராக இருந்த டி. என். வாடியா 1940களில், நடுநிலம் துண்டுதுண்டாக மேலே தள்ளப்பட்டதால் வந்த படிகள் இவை என்றார். பிறகு வந்தவர்கள், கடினமான பாறை நின்றது, மென்மையானது தேய்ந்தது என்று வேறு விளக்கம் சொன்னார்கள். விளக்கம் எதுவானாலும், பெரிய நீர்வீழ்ச்சிகள் அந்தப் படிகளின் விளிம்புகளில்தான் விழுகின்றன. இலங்கையின் மிக உயர்ந்த பம்பரகந்த நீர்வீழ்ச்சி 240 மீட்டருக்கும் கூடுதலாக விழுகிறது. வவுனியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். அந்த ஒரு வீழ்ச்சிக்குள் எங்கள் நகரத்தின் உயரம் இரண்டு தடவை அடங்கும். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்கு நேர்கோட்டில் அறுபத்தைந்து, எழுபது கிலோமீட்டர். அதாவது நிலம் கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர்தான் இறங்குகிறது. கண்ணுக்கே தெரியாத சரிவு. அதில் எங்கே நீர் விழும்?

வன்னியின் தென்மேற்கில், செட்டிகுளம் பக்கமாக ஓடும் ஆற்றின் தமிழ்ப்பெயர் அருவி ஆறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா. 164 கிலோமீட்டர், இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு. பெயரில் அருவி இருக்கிறது. ஓட்டத்திலோ மெல்லச் சரியும் நிலந்தான்.

இதற்குள் பையன்கள் இருவரும் எழுந்து கல்லால் பாறையைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். ஓரிடத்தில் "டிக்" என்று இறுக்கமான சத்தம். பத்தடி தள்ளி "டொக்" என்று உள்ளீடற்ற சத்தம். நான் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் கண்டுபிடித்தது அது. பாறையின் மேற்படை சின்ன வெங்காயத் தோல்போல அடிப்பாறையிலிருந்து கழன்று நிற்கிறது. இடையில் வெளி இருப்பதால் சத்தம் மாறுகிறது. ஆழத்தில் நெருக்குண்டு கிடந்த கல், மேற்பாரம் போனதும் விரியப் பார்க்கும். விரியும்போது மேற்பரப்புக்குச் சமாந்தரமாக வெடிக்கும். சித்திரை வெயிலும் அதன்மேல் திடீரென்று கொட்டும் மழையும் அந்த வெடிப்பைப் பெருப்பிக்கும். மொட்டைப் பாறைகள் உருண்டு திரண்டிருப்பதற்குக் காரணம் இந்தத் தோலுரிதல்தான். மூலையும் விளிம்பும் முதலில் கழன்றுவிடும்.

உச்சியில் கிண்ணம்போலக் குழிகள். தாச்சி அளவில் சில, கிணற்றுக்கட்டின் வாயளவில் ஒன்று. எல்லாவற்றிலும் மழைநீர், ஒன்றில் வாற்பேத்தைகள். யாரும் குடைந்த குழிகள் அல்ல. பாறையில் ஒரு சிறு பள்ளம் இருந்தால் அங்கே நீர் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். மழைநீரில் கரைந்த காபனீரொட்சைட்டு அதை மென்மையான அமிலமாக்கும். அந்த அமிலம் பெல்ஸ்பாரைக் களியாக்கும். குவார்ட்ஸ் மணிகள் பிடிமானமிழந்து உதிரும். கோடையில் காற்று அந்தத் தூளை ஊதிவிடும். அடுத்த மாரிக்குப் பள்ளம் கொஞ்சம் பெரிது, நிற்கும் நீரும் கொஞ்சம் கூட. நிறைந்த குழி தன்னைத்தானே பெருப்பிக்கிறது. குழியைச் சுற்றிச் சாம்பல்பச்சை வட்டங்களாகக் கற்பாசி. பங்கசும் அல்காவும் ஒன்றாக வாழும் உயிர். பாறையில் முதலில் குடியேறுவது அதுதான். அதன் அமிலமும் கல்லைக் கரைக்கும். அது இறந்து மக்கிய இடத்தில் பாசி, பாசி பிடித்த மண்ணில் புல், புல்லின் வேரடியில் ஒரு நாள் பாலை விதை. வந்த வழியில் நாங்கள் மண், கிரவல், மணல், கல் என்று நடந்தோமே, அந்த வரிசையைத் திருப்பிப் படித்தால் கல் மண்ணான கதை. பெல்ஸ்பார் களியாகி வயலில் தண்ணீரைத் தாங்குகிறது. குவார்ட்ஸ் மணலாகி ஆற்றோடு போகிறது. கறுப்புக் கனிமங்களின் இரும்பு துருப்பிடித்துச் செம்மண்ணுக்கு நிறமாகிறது.

நைஸுக்கு நடுவே சில இடங்களில் பட்டையில்லாமல், எண்ணெய் பூசியதுபோலக் கரும்பச்சையாக மின்னும் கல்லும் வன்னித் தொகுதியில் உண்டு. சார்னோக்கைட் வகை. அந்தப் பெயரின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜோப் சார்னோக்கின் கல்லறையில் பதித்த கல், சென்னைக்கு அருகே பல்லாவரம் பக்கத்துக் கல். 1893இல் தோமஸ் ஹொலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அதன் வகைக்குச் சார்னோக்கின் பெயரையே வைத்தார். பல்லாவரத்துக் கல் வவுனியாக் கல்லை விட மிகப் பழையது. ஆனால் இரண்டும் பிறகு ஒரே பெருங்கண்டத்தில் கிடந்தவை. இடையில் கடல் இன்று இருக்கிறது, அன்று இருக்கவில்லை.

பாறையின் மறுபக்கம் இறங்கியபோது சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஓடப் பார்த்தார்கள்; மாமா கையை நீட்டி மறித்தார்.

இந்தக் குளத்தைக் கட்டியவர்கள் கட்டின் ஒரு முனையைப் பாறையோடு பொருத்தி, வானைப் பாறையின் மேலேயே விட்டிருக்கிறார்கள். அது தற்செயல் அல்ல. குளக்கட்டு மண்ணாலானது. நீர் ஒரு முறை அதன் மேலால் வழிந்தால் சில மணிநேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும். வழிகிற நீருக்கு அறுக்க முடியாத ஒன்று கீழே வேண்டும். அதற்கு இயற்கைப் பாறையை விட நல்ல சீமெந்து இல்லை. உலர்வலயத்தின் பழங்குளங்கள் பலவற்றில் கட்டின் நுனி பாறையில் முட்டுவதைப் பார்க்கலாம். இடம் தேர்ந்தவர்கள் கல்லைப் பார்த்துத்தான் தேர்ந்தார்கள்.

நீர் அகலமான ஒரு கண்ணாடித் தாளாகப் பாறை விளிம்புக்கு வந்து, இரண்டு படிகளில் உடைந்து, வெள்ளையாகி விழுந்தது. மொத்த வீழ்ச்சி ஒன்றரை மீட்டர் இருக்கும். மகள் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இதுவும் நீர்வீழ்ச்சிதானே?" என்றாள்.

ஒன்றரை மீட்டர் என்றதும் எனக்கு முன்பு சொன்ன கணக்கு ஞாபகம் வந்தது. நிலம் ஒரு கிலோமீட்டரில் இறங்குவதும் அதே அளவு. குளம் என்ன செய்கிறது? கட்டுக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு நீர் மட்டமாக நிற்கிறது. அடியில் நிலம் தன்பாட்டில் இறங்கிக்கொண்டு வருகிறது. கட்டை அடையும்போது அந்த இறக்கம் முழுவதும் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கிறது. வானில் நீர் அதை ஒரே தாவலில் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாமல் பரவிக் கிடந்த சரிவைச் சேர்த்து ஒரு வீழ்ச்சியாக்கியவர்கள் இந்தக் கட்டைக் கட்டியவர்கள். மலையில்லாத ஊரில் நீர்வீழ்ச்சி செய்தவர்கள். மகளுக்கு இதை மணலில் குச்சியால் கீறிக் காட்டினேன். அவள் என் கையிலிருந்து குச்சியை வாங்கித் தம்பிக்குத் தானே கீறிக் காட்டினாள்.

குளிக்கவிட்டது வானிலிருந்து இருநூறு அடி கீழே, முழங்காலளவு நீர் மணலில் பரவி ஓடும் இடத்தில், மருதமர நிழலில். வானடியில் இல்லை. காரணத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று ஒரு காய்ந்த தடியை மேலிருந்து போட்டோம். அது விழுந்த இடத்திலேயே மூழ்கியது, மேலே வந்தது, வீழ்ச்சியை நோக்கிப் பின்னால் இழுபட்டது, மறுபடி மூழ்கியது. ஐந்தாறு தடவை. விழும் நீர் அடியில் போய் முன்னே ஓடுகிறது. அந்த இடத்தை நிரப்ப மேல்நீர் பின்னோக்கி வருகிறது. உருளைபோலச் சுழலும் அந்த நீரோட்டத்தில் அகப்பட்டால் பெரிய நீச்சல்காரராலும் வெளியே வரமுடியாது. குமிழி நிறைந்த நீர் உடலைத் தாங்காது. ஒவ்வொரு மாரியிலும் வான்களில் ஆட்கள் இறக்கிறார்கள். அந்தத் தடி சுழன்றதைப் பார்த்த நாலு பிள்ளைகளும் அதற்குப் பிறகு வானடிப் பக்கம் போகக் கேட்கவில்லை.

வழிந்த நீர் வீணாகப் போவதில்லை. ஒரு குளத்தின் வான் நீரும் வயல் வடிநீரும் கீழே உள்ள அடுத்த குளத்துக்குப் போகும். அதன் வான் அதற்கடுத்ததற்கு. உலர்வலயக் குளங்கள் தனித்தனியாக அல்ல, பள்ளத்தாக்கு வழியே மாலைபோலக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் விரிவாக விளக்கினார். இன்று அந்தக் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு உலக விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. மேலே ஒரு சிறு குளம் தூர்ந்துபோனால் கீழே உள்ள பெரிய குளம் மண்ணால் நிரம்பும். மேலே ஒன்று உடைத்தால் கீழே எல்லாம் உடைக்கும். கனகராயன் ஆற்றில் நிற்கும் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் 2018 மார்கழியில் திறக்கப்பட்டபோது கிளிநொச்சிக்கு என்ன நடந்தது என்பதை அந்த வெள்ளத்தில் நின்றவர்கள் மறக்கமாட்டார்கள்.

சாப்பிடும்போது மாமா வேறொரு கேள்வி கேட்டார். யாழ்ப்பாணத்தில் ஏன் இப்படிக் குளம் இல்லை? அதற்கும் மறுமொழி கல்தான். பரந்தனுக்கு அப்பால் வடக்கே போகப் போக இந்தப் பழைய பாறை கீழே மறைந்து, அதன்மேல் மயோசின் காலத்துச் சுண்ணக்கல் படிந்திருக்கிறது. 2 கோடி ஆண்டு அளவில்தான் அதற்கு வயது. ஆழமற்ற கடலில் சிப்பி ஓடுகளும் பவளமும் சேர்ந்து ஆனது. அது கடற்பஞ்சுபோல நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆகவே யாழ்ப்பாணத்தான் கிணறு வெட்டினான். வன்னியின் கல் நீரை வாங்காது. மழை மேலால் ஓடிவிடும். ஆகவே வன்னியான் கட்டுக் கட்டினான். இரண்டு நாட்டாரின் பயிரும் உழைப்பும் குணமும் வேறானதற்குக் கல்லும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

வாங்காத கல்லுக்கும் வெடிப்புகள் உண்டு. குழாய்க்கிணறு அடித்தால் அந்த வெடிப்புகளில் ஓடும் நீர்தான் வரும். அது மெல்ல ஓடுவதால் கல்லோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடக்கிறது. கறுப்பு மைக்காவிலும் ஹோர்ன்பிளெண்டிலும் அபடைட்டிலும் உள்ள புளோரைட்டு அதில் கரைகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டு இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. வவுனியாவிலும் வடமத்திய மாகாணத்திலும் பல கிணறுகள் அதைத் தாண்டுகின்றன. பல் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்த பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் கறை விழுகிறது. எவ்வளவு துலக்கினாலும் போகாது. மாமாவின் பேத்தி சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். சோம்பலால் வந்த கறை என்று வகுப்பில் அவளைக் கேலி செய்திருக்கிறார்கள். அது கல்லிலிருந்து வந்தது. தங்கள் பாடசாலைக் கிணற்று நீரை ஒரு முறையாவது சோதிக்கக் கொடுக்கும்படி இதை வாசிக்கும் ஒவ்வொரு பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்கிறேன். மழைநீர்த் தொட்டியும் சுத்திகரித்த குடிநீரும் எங்கள் பக்கத்தில் ஆடம்பரம் அல்ல.

மாலை நாலு மணிக்குத் திரும்பி நடந்தோம். வந்த தடத்தில் புதிய யானை லத்தி கிடந்தது. மாமா பிள்ளைகளை நடுவில் விட்டு வேகமாக நடத்தினார்.

அடுத்த ஞாயிறு மகளின் வற்புறுத்தலில் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போனோம். மலை எங்கே போனது என்பதை அவள் கடைசிவரை பார்க்க வேண்டுமாம். அலை ஏறி இறங்கிய இடத்தில், வெளிர்மணலின் மேல் கறுப்புக் கோடுகள். பாறையிலிருந்து உதிர்ந்து ஆற்றோடு வந்தவற்றில் பாரமானவை. அலை இலேசான குவார்ட்ஸைத் திரும்ப இழுத்துக்கொண்டு போகும். பாரமான இல்மனைட்டையும் ரூட்டைலையும் சிர்க்கனையும் விட்டுவிட்டுப் போகும். தெற்கே கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டையில் இப்படிச் சேர்ந்த மணல், உலகிலேயே மிகச் செறிவான கனிம மணல்களில் ஒன்று. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தோம். மகன் அதைக் கறுப்புக் கோட்டில் இழுத்தான். மயிர் முளைத்ததுபோலத் துகள்கள் ஒட்டின. பையை உள்வெளியாகத் திருப்பி அவற்றை ஜாம் போத்தலில் கொட்டினான்.

மகள் ஒட்டாமல் விழுந்தவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றாவது சிர்க்கனாக இருக்குமா, அந்த மணிக்கூடு இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றேன். ஆனால் எது என்று கண்ணால் பிரிக்க முடியாது என்றும் சொன்னேன். அவள் பிரிக்கப் பார்க்கவில்லை. ஒரு கைப்பிடி முழுவதையும் ஈரத்தோடு லேஞ்சியில் முடிந்துகொண்டாள்.